ஊரே காட்சிச்சாலை: போர்ச்சுகல் நாட்டு மெர்ட்டோலா

அரும்பொருட்காட்சிச்சாலை என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது யாது? தலைநகரில் ஒரு பெரிய மாளிகை. முகப்பில் உயர்ந்த தூண்கள். உள்ளே வரிசை வரிசையாகக் கண்ணாடிப் பேழைகள். ஒவ்வொரு பேழையிலும் எங்கோ ஓர் ஊரில் தோண்டி எடுத்த பானையோ, நாணயமோ, சிலையோ இருக்கும். அதன் கீழே ஒட்டிய சிறு சீட்டில் பொருளின் பெயரும், காலமும், கிடைத்த ஊரின் பெயரும் எழுதியிருக்கும். ஆனால், அந்த ஊரார் அந்தப் பொருளைக் காண விரும்பினால், அவர்களும் பயணச் செலவு செய்து தலைநகருக்குத்தான் வரவேண்டும். பொருள் பிழைத்துக்கொண்டது, அது பிறந்த மண்ணிலோ அதன் நினைவு அற்றுப்போயிற்று.

இதற்கு மாற்று வழி உண்டா? பொருளை ஊரிலேயே வைத்து, ஊரையே காட்சிச்சாலையாக்கிவிட முடியுமா? முடியும் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டாகச் செய்து காட்டிவரும் ஒரு சிற்றூர், போர்ச்சுகல் நாட்டின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. அதன் பெயர் மெர்ட்டோலா.

போர்ச்சுகல் என்றால் நம்மவர்க்கு உடனே நினைவுக்கு வருவது மலாக்கா. 1511ஆம் ஆண்டில் அல்புகர்க் அந்நகரைப் பிடித்ததும், அவர்கள் எழுப்பிய கோட்டையின் வாயில் ஒன்று மட்டும் இன்றும் எஞ்சி நிற்பதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்திகள். கடல் கடந்து சென்று பிறர் துறைமுகங்களைப் பிடித்த போர்ச்சுகலை நாம் நன்கு அறிவோம். ஆனால், ரோமரும் அரபியரும் வந்து ஆண்ட போர்ச்சுகலை நாம் அவ்வளவாக அறியோம். அந்நாட்டு மக்களே அதை நெடுநாள் மறந்திருந்தனர். மறந்ததை மீட்டுத் தந்த ஊர்களில் மெர்ட்டோலாவுக்குத் தனி இடம் உண்டு.

ஆறு தந்த வாழ்வு

ஸ்பெயின் நாட்டில் தோன்றிப் போர்ச்சுகலின் தென்கிழக்கு வழியே அட்லாண்டிக் கடலில் கலக்கும் ஆறு குவாடியானா. கடல் முகத்திலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் உள்ளே, ஓயிராஸ் என்னும் சிற்றாறு அதனோடு கூடும் இடத்தில், செங்குத்தான பாறைக் குன்றின்மேல் மெர்ட்டோலா அமைந்திருக்கிறது. கடலின் ஏற்றவற்றம் இவ்வூர் வரை எட்டும். இதற்கு மேல் ஆறு பாறைகளுக்கிடையே ஒடுங்கிவிடுகிறது. இன்னும் சற்றுத் தொலைவு மேலே சென்றால் ‘ஓநாய்ப் பாய்ச்சல்’ என்று பொருள்படும் பெயருடைய அருவி வழியை அடைத்து நிற்கும். ஆகவே கடலிலிருந்து வரும் மரக்கலங்களுக்கு மெர்ட்டோலாவே கடைசித் துறை. உள்நாட்டிலிருந்து வரும் தானியத்துக்கும் உலோகத்துக்கும் அதுவே முதல் துறை.

ஓர் ஊர் ஏன் அங்கே பிறந்தது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ரோமர் அதை மிர்ட்டிலிஸ் என்றழைத்தனர். அங்கே நாணயமும் அடிக்கப்பட்டது. ரோமப் பேரரசு சாய்ந்த பின் அவ்வூர் கிறித்தவ நகரமாயிற்று. 8ஆம் நூற்றாண்டில் முஸ்லிம்கள் ஐபீரியத் தீபகற்பத்துக்கு வந்த பின் மார்துலா என்ற பெயருடன் வாழ்ந்தது. 1144ஆம் ஆண்டில் இப்னு காசி என்னும் சூபி ஞானி, தம் சீடர்களைக்கொண்டே இவ்வூர்க் கோட்டையைக் கைப்பற்றிச் சிறிது காலம் ஒரு தனியரசை நடத்தினார். 1151இல் அவர் கொல்லப்பட்டார். 1238ஆம் ஆண்டில் சாந்தியாகோ சபையைச் சேர்ந்த கிறித்தவ வீரர்கள் ஊரைப் பிடித்தனர். இன்று கோட்டையில் ஓங்கி நிற்கும் பெரிய கோபுரம் 1292இல் முடிந்தது.

அதன் பின் மெர்ட்டோலா மெல்ல மெல்ல ஒடுங்கிற்று. மத்தியதரைக் கடலோடு இருந்த பழைய வணிகத் தொடர்பு தளர்ந்தது. எல்லையோர ஊராக, ஏழை ஊராக அது நின்றுவிட்டது. 1876ஆம் ஆண்டு இறுதியில் குவாடியானாவில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்தபின் வெளிப்பட்ட பழஞ்சின்னங்களை ஆராய எஸ்டாசியோ டா வெய்கா என்னும் அறிஞர் வந்தார். 1880இல் மெர்ட்டோலாவின் தொன்மை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் காலத்திலும் அவருக்குப் பின்னும் கிடைத்த கல்வெட்டுகளிற் பல லிஸ்பன் மாநகரத்துக் காட்சிச்சாலையைச் சென்றடைந்தன. ஊருக்கு அவற்றின் புகழும் கிடைக்கவில்லை, பொருளும் கிடைக்கவில்லை.

வெறுமையாகிவந்த ஊர்

மெர்ட்டோலா என்பது ஓர் ஊரின் பெயர் மட்டுமன்று. அவ்வூரைத் தலைமையாகக் கொண்ட நகராண்மை வட்டத்தின் பெயரும் அதுவே. வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1,290 சதுர கிலோமீட்டர். அதாவது சிங்கப்பூரைப்போல் ஒன்றேமுக்கால் மடங்கு. அத்துணைப் பரப்பில் 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி வாழ்ந்தவர் 7,274 பேர். 2021ஆம் ஆண்டில் அத்தொகை சுமார் 6,200 ஆகக் குறைந்துவிட்டது.

இக்குறைவு நேற்றுத் தொடங்கியதன்று. 1929ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சர்வாதிகார அரசு கோதுமைப் பெருக்கத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. மெல்லிய மண்தோல் மட்டுமே போர்த்திய இவ்வட்டாரக் குன்றுகளையும் உழுது கோதுமை விதைத்தனர். சில அறுவடைகளுக்குப் பின் மண் களைத்தது. மழை அதை அரித்துச் சென்றது. மற்றொரு புறம், சாவ் டொமிங்கோஸ் என்னும் இடத்தில் ஓர் ஆங்கிலக் கம்பெனி நூறாண்டுக்கு மேல் நடத்திவந்த சுரங்கம் 1966இல் மூடப்பட்டது. வயலும் கைவிட்டது, சுரங்கமும் கைவிட்டது. மக்கள் லிஸ்பனுக்கும் வெளிநாடுகளுக்கும் பிழைப்புத் தேடிப் புறப்பட்டனர். எஞ்சியவர்களில் முதியோரே மிகுதி.

இந்நிலையில்தான் 1974ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் போர்ச்சுகலில் சர்வாதிகாரம் வீழ்ந்தது. 1976 டிசம்பரில் மக்கள் தம் நகராண்மைக் கழகங்களைத் தாமே தேர்ந்தெடுத்தனர். மெர்ட்டோலாவின் தலைவராக வந்தவர் செராவ் மார்ட்டின்ஸ் என்னும் இளைஞர். லிஸ்பன் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்றவர். அவர் தம் பல்கலைக்கழக ஆசிரியராகிய கிளாடியோ டோரசை ஊருக்கு அழைத்தார். டோரஸ் சர்வாதிகாரத்தின் காலத்தில் நாட்டைவிட்டு வெளியேறி, மொராக்கோவிலும் ருமேனியாவிலும் வாழ்ந்து, ஆட்சி மாறிய பின் தாய்நாடு திரும்பியவர். 1978இல் கோட்டையின் அடிவாரத்தில் அகழ்வு தொடங்கிற்று. அந்த வேலையிலிருந்து பிறந்ததே மெர்ட்டோலாத் தொல்பொருள் ஆய்வுக் களம் என்னும் அமைப்பு.

தொல்பொருள் அறிஞர் ஒரு பருவம் வந்து தோண்டி, கிடைத்ததைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு திரும்பிவிடுவது உலக வழக்கம். டோரஸ் அவ்வாறு செய்யவில்லை. பின்னர் அவர் மெர்ட்டோலாவிலேயே குடியேறினார். ஊர்ப் பிள்ளைகள் அகழ்வுக் குழிகளில் வேலை கற்றனர். உடைந்த ஓடுகளைப் பொருத்தவும், வரைபடம் எழுதவும், கல்லைப் பேணவும் அங்கேயே பயிற்சி பெற்றனர். கிடைத்த பொருள்களும் ஊரைவிட்டு வெளியே போகவில்லை. 1991ஆம் ஆண்டில் போர்ச்சுகலின் உயர்ந்த பரிசுகளில் ஒன்றாகிய பெசோவா பரிசு டோரசுக்கு வழங்கப்பட்டது.

ஒன்றன்று, பல

பொருள்கள் சேர்ந்தன. அவற்றை எங்கே வைப்பது? ஒரு பெரிய கட்டடம் எழுப்பி எல்லாவற்றையும் அதில் அடுக்கியிருக்கலாம். மெர்ட்டோலாவினர் வேறு முடிவுக்கு வந்தனர். எது எங்கே கிடைத்ததோ, அது கூடியவரை அங்கேயே இருக்கட்டும். அந்த இடமே அதற்குக் காட்சிச்சாலை ஆகட்டும் என்றனர். ஆகவே இன்று மெர்ட்டோலாக் காட்சிச்சாலை என்பது ஒரு கட்டடம் அன்று. ஊரெங்கும் சிதறிக்கிடக்கும் சிறு சிறு காட்சியிடங்களின் கூட்டம் அது. ஊரைச் சுற்றி நடப்பவரே அதை முழுதும் காண்பர்.

இந்த எண்ணம் வானிலிருந்து விழுந்ததன்று. 1971இல் பிரான்சு நாட்டில் ஜார்ஜ் ஆன்ரி ரிவியேர், ஊக் டி வரின் ஆகியோர் ஒரு புதிய கருத்தைப் பரப்பத் தொடங்கினர்: கட்டடம், சேகரிப்பு, பார்வையாளர் என்ற மூன்றுக்குப் பதிலாக, வட்டாரம், மரபுச் செல்வம், அவ்வட்டார மக்கள் என்ற மூன்றே காட்சிச்சாலையின் அடிப்படையாக வேண்டும் என்பது அக்கருத்து. 1972இல் சில்லி நாட்டின் தலைநகராகிய சந்தியாகோவில் கூடிய அறிஞர்களும், காட்சிச்சாலை மக்களின் வாழ்க்கைப் பிரச்சினைகளோடு ஒட்டியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தனர். 1974க்குப் பின் விடுதலைக் காற்றை உண்ட போர்ச்சுகல் நகராண்மைகள் இக்கருத்துகளை ஆவலோடு பற்றிக்கொண்டன. 1982இல் லிஸ்பனுக்கு அருகிலுள்ள செய்சால் நகராண்மையும் தன் ஆலைகளையும் படகுத் தொழிலையும் இவ்வாறே காக்கத் தொடங்கிற்று.

இனி மெர்ட்டோலாவின் காட்சியிடங்கள் சிலவற்றைச் சுற்றிப் பார்ப்போம்.

ஊரைச் சுற்றி ஒரு நடை

முதலில் நகராண்மைக் கழக அலுவலகம். வரி கட்டவும் மனுக் கொடுக்கவும் ஊரார் வந்துபோகும் இடம் அது. அதன் அடித்தளத்தில் ஒரு ரோமர் வீட்டின் அடிச்சுவர்கள் இருக்கின்றன. கட்டட வேலையின்போது வெளிப்பட்ட அவற்றை மூடிவிடாமல், மேலே அலுவலகத்தை நிறுத்திக்கொண்டு, கீழே காட்சியிடமாக்கிவிட்டனர். மேலே இன்றைய நிர்வாகம். கீழே ஈராயிரமாண்டு முந்திய குடும்பம் ஒன்றின் இல்லம். இரண்டுக்கும் இடையே ஒரு தளம் மட்டுமே.

அடுத்து, ஊரின் தலைமைக் கோயில். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு அது வெள்ளையடித்த கிறித்தவ ஆலயம். உள்ளே சென்றால் அது நீளமாக இராமல் சதுரத்தை ஒட்டி இருப்பதும், தூண்கள் வரிசையாக நின்று இடத்தைப் பல பத்திகளாகப் பிரிப்பதும் தெரியும். பலிபீடத்தின் பின்புறச் சுவரில் ஒரு மாடம் குழிந்திருக்கிறது. அது மிஹ்ராப்; தொழுகையின் திசையைக் காட்டும் மாடம். இது 12ஆம் நூற்றாண்டில் எழுந்த பள்ளிவாசல். 1238க்குப் பின் கிறித்தவர் இதை இடிக்காமல் தம் ஆலயமாக்கிக்கொண்டனர். 16ஆம் நூற்றாண்டில் மேற்கூரையைப் புதிதாக அமைத்தனர். குதிரை லாடம் போன்று வளைந்த பழைய வாயில்களும் மிஹ்ராபும் கடந்த நூற்றாண்டில் நடந்த திருப்பணியின்போது பூச்சுக்குள்ளிருந்து மீண்டும் வெளிப்பட்டன. போர்ச்சுகலில் இடைக்காலப் பள்ளிவாசல் ஒன்றின் அமைப்பு இவ்வளவு தெளிவாக எஞ்சியிருப்பது இங்கேதான் என்பர். ஞாயிறு தோறும் அங்கே பூசை நடக்கிறது. மிஹ்ராபை மறைப்பாரும் இல்லை. அதனால் மனம் புண்படுவாரும் இல்லை.

கோயிலுக்கு மேலே, கோட்டைக்குக் கீழே, ஒரு பெரிய மேடை. 1978இல் தோண்டத் தொடங்கிய இடம் இதுவே. புத்தகத்தின் தாள்களைப் புரட்டுவதுபோல் இங்கே காலங்களைப் புரட்டலாம். அடியில் ரோமர் பொதுமன்றத்தைத் தாங்கிய நிலத்தடிக் கூடம். அதற்கு மேல் 6ஆம் நூற்றாண்டுத் திருமுழுக்குத் தொட்டி; அதைச் சுற்றிய நடைகளில் நிறக் கற்கள் பதித்த ஓவியங்கள். அவற்றுள் ஒன்றில், சிறகுடைய குதிரைமேலேறிக் கிமேரா என்னும் விந்தை விலங்கைக் குத்தும் கிரேக்க வீரன் பெல்லரோபோன் காட்சி தருகிறான். கிறித்தவத் திருமுழுக்கு மண்டபத்தில் கிரேக்கப் புராணம்! சமயம் மாறினாலும் கைவினைஞரின் நினைவு உடனே மாறிவிடுவதில்லை என்பதற்கு இது சான்று.

அதற்கும் மேலே ஒரு முஸ்லிம் குடியிருப்பு. 12ஆம் நூற்றாண்டைச் சார்ந்த வீடுகள் நெருங்கி நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் நடுவே முற்றம், அதைச் சுற்றி அறைகள், அடுப்படி, கழிவறை, கழிவுநீரைத் தெருவுக்கடியில் கொண்டுசெல்லும் கால்வாய். பெரிய மன்னர் மாளிகை எதுவும் இல்லை. நடுத்தரக் குடிகள் சமைத்ததும் உண்டதும் உறங்கியதும் இங்கே தெரிகின்றன. 1238க்குப் பின் வீடுகள் கைவிடப்பட்டன; அவற்றின்மேல் கிறித்தவர் தம் இறந்தோரைப் புதைத்தனர்.

அவ்வீடுகளில் கிடைத்த பொருள்களே இஸ்லாமியக் கலைக் காட்சியிடத்தை நிரப்புகின்றன. 2001இல் திறக்கப்பட்ட இக்காட்சியிடம் ஒரு பழைய தானியக் களஞ்சியத்தில் இருக்கிறது. போர்ச்சுகலின் இஸ்லாமியப் பழம்பொருட் சேகரிப்புகளில் தலைசிறந்தவற்றுள் ஒன்று இது. நீர்க் குடம், விளக்கு, எலும்பில் கடைந்த சிறு கருவி, அடுப்புச் சட்டி எல்லாம் உண்டு. மெருகூட்டிய ஒரு மண் தட்டில், வேட்டைநாயும் வல்லூறும் சேர்ந்து ஒரு மானைத் தாக்கும் காட்சி தீட்டப்பட்டிருக்கிறது. பல நூற்றாண்டு முன் யாரோ ஓர் இல்லத்தரசி சோறு பரிமாறிய தட்டாக அது இருக்கக்கூடும்.

மதிலுக்கு வெளியே சென்றால் பழங்கிறித்தவ ஆலயம் ஒன்றின் அடித்தளமும் கல்லறைகளும். 5ஆம் நூற்றாண்டு முதல் 8ஆம் நூற்றாண்டு வரை இறந்தோரின் பெயர் பொறித்த கற்கள் இங்கே இருக்கின்றன. சில இலத்தீனில், சில கிரேக்கத்தில். கிழக்கு நாடுகளிலிருந்து வணிகத்துக்கு வந்து இங்கேயே கண்மூடியவரும் இருந்தனர் என்பதைக் கிரேக்கக் கற்கள் சொல்லாமற் சொல்கின்றன. ஒரு கல் ஆந்திரேயாஸ் என்பவருடையது. மெர்ட்டோலா ஆலயத்தின் பாடகர் குழுவுக்குத் தலைவராயிருந்து, 36 வயதில், கி.பி. 525இல் மறைந்தவர். அவர் பாடிய பண் மறைந்தது; அவர் பாடினார் என்னும் செய்தி அவர் பாடிய ஊரிலேயே நிற்கிறது.

உயர்நிலைப் பள்ளி வளாகத்துக்குள்ளும் ஒரு காட்சியிடம் உண்டு. ஒரு சிறு தேவாலயமும், ரோமர் காலத்து இடுகாடும் அங்கே இருக்கின்றன. பள்ளி மணி அடித்ததும் மாணவர்கள் வரலாற்றின் பக்கமாகவே வீட்டுக்கு நடக்கின்றனர்.

அரசர் இல்லாத வரலாறு

இதுவரை கண்டவை தொல்பொருள்கள். மெர்ட்டோலாவினர் அத்தோடு நிற்கவில்லை. ஒரு கொல்லர் பட்டறையை, அங்கே வேலை நடந்த நிலையிலேயே, துருத்தியும் பட்டடையும் சம்மட்டியும் இருந்த இடத்தில் இருக்கும்படியே காத்து வைத்திருக்கின்றனர். கலப்பைக்கு முனை தீட்டியதும், கோவேறு கழுதைக்கு லாடம் அடித்ததும் இத்தகைய பட்டறைகளில்தான். ரோமரின் கல்லுக்குக் கிடைத்த மதிப்பே கொல்லனின் உலைக்கும் கிடைத்திருக்கிறது.

மற்றோரிடத்தில் தறிகள். ஆட்டு மயிரைச் சாயம் ஏற்றாமல் அதன் இயற்கையான வெண்மையும் பழுப்புமாகவே நூற்று, கட்டங்களும் கோணங்களுமாகக் கம்பளம் நெய்வது இவ்வட்டாரப் பெண்களின் பழங்கலை. அவ்வடிவங்கள் வட ஆப்பிரிக்காவின் பெர்பர் மக்களது நெசவை நினைவூட்டுகின்றன. இங்கே பார்வைக்கு வைத்திருப்பது பழைய கம்பளம் மட்டுமன்று. நெய்யும் கையும் இருக்கிறது. நெசவாளப் பெண்கள் தறியில் அமர்ந்து வேலை செய்கின்றனர். வந்தோர் வாங்கியும் செல்கின்றனர். ஆனால் தறியில் அமர்பவர் சிலரே. கற்றுக்கொள்ள இளம் பெண்கள் வராவிட்டால், இந்தக் காட்சியிடமும் ஒருநாள் வெறும் தறிகளின் அறையாகிவிடும்.

ஊருக்கு வெளியே, சாவ் டொமிங்கோஸில், சுரங்கத் தொழிலாளி வீடு ஒன்று காட்சியிடமாக இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கிய அச்சுரங்கத்தில் செம்பும் கந்தகமும் தரும் கனியம் வெட்டப்பட்டது. அது தனி இருப்புப்பாதையில் பொமராவ் என்னும் ஆற்றுத் துறைக்குச் சென்று, அங்கிருந்து கப்பலேறிற்று. தொழிலாளருக்கெனக் கட்டிய வீடுகள் வரிசை வரிசையாக நின்றன. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை; அதன் பரப்பு 16 சதுர மீட்டர். சமைப்பதும், பிள்ளை பெறுவதும், நோயில் கிடப்பதும் அந்த ஓர் அறையில்தான். தோட்டத்து லயங்களின் கதையைக் கேட்டு வளர்ந்த நம்மவர்க்கு அந்த வரிசை வீடுகளைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. கம்பெனி மேலாளருக்கென எழுந்த மாளிகை இன்று தங்கும் விடுதி. தொழிலாளி வீடு காட்சிச்சாலை. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவர்க்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சந்தானா டி கம்பாஸ் என்னும் சிற்றூரிலோ கள்ளக் கடத்தலுக்கே ஒரு காட்சிச்சாலை உண்டு! கேட்போர் வியப்பர். 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போரால் ஸ்பெயின் நொறுங்கிக்கிடந்தது. அங்கே காப்பியும் பிற பண்டங்களும் கிடைப்பது அரிதாயிற்று. எல்லையிலிருந்த ஏழைக் கூலிகள், வயலில் வேலை இல்லாத காலத்தில், காப்பி மூட்டையை முதுகில் சுமந்து, இருட்டில் சான்சா ஆற்றைக் கடந்து அக்கரையில் விற்று வந்தனர். இரு கரையிலும் காவற்படையினர், அகப்பட்டால் சிறை, சில வேளை துப்பாக்கி. சட்டத்தின் கண்ணில் அவர்கள் குற்றவாளிகள். பிள்ளைகளின் கண்ணில் தந்தையர். வெளியே சொல்ல வெட்கப்பட்ட அந்த வாழ்க்கையை, ஊரார் தாமே முன்வந்து வரலாறு என்று ஏற்று வைத்திருக்கின்றனர். தலைநகர்க் காட்சிச்சாலையில் இதற்கு ஒரு பேழை கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

யாருடைய வரலாறு?

இச்சிறு காட்சியிடங்கள் எல்லாம் சேர்ந்து சொல்லும் செய்தி ஒன்று உண்டு. முஸ்லிம்களை விரட்டிவிட்டுப் பிறந்த நாடு போர்ச்சுகல் என்று அந்நாட்டுப் பாடப்புத்தகங்கள் பல தலைமுறைகளாகச் சொல்லிவந்தன. டோரஸ் இதை மறுத்தார். படையெடுத்து வந்தோர் சிலரே. பெரும்பான்மை மக்கள் அதே மண்ணின் குடிகள். அவர்கள் வணிகத்தாலும் உறவாலும் மெல்ல மெல்ல இஸ்லாத்தைத் தழுவினர். பின்னர் அதேபோல் மெல்லக் கிறித்தவராயினர் என்பது அவர் கொள்கை. எல்லா ஆசிரியர்களும் இதை முழுதும் ஒப்புவர் என்பதற்கில்லை. எனினும் பள்ளிவாசல் ஆலயமானதையும், முற்றமுள்ள வீட்டையும், கம்பளக் கோலத்தையும் கண்டவர், விரட்டப்பட்டவர் வேறு, நாம் வேறு என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

மொழியும் இதற்குச் சாட்சி. சாவி, மேசை, அலமாரி, ஜன்னல் ஆகிய சொற்களைத் தமிழர் போர்த்துக்கீசியரிடமிருந்து பெற்றனர் என்பது யாவரும் அறிந்ததே. அந்தப் போர்த்துக்கீசியரோ ஒலிவ எண்ணெய்க்கும், சர்க்கரைக்கும், தையற்காரருக்கும் அரபியரிடமிருந்து பெயர் பெற்றனர். சர்க்கரை என்னும் சொல்லோ இந்தியாவிலிருந்து அரபியரிடம் சென்றது. கொடுக்காத மொழியும் இல்லை. வாங்காத மொழியும் இல்லை.

2001ஆம் ஆண்டு முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மெர்ட்டோலாவில் இஸ்லாமியத் திருவிழா நடந்துவருகிறது. குறுகிய தெருக்களின்மேல் துணிப் பந்தல் கட்டுவர். மொராக்கோவிலிருந்து வணிகர் வந்து கடை விரிப்பர். இசையும் சொற்பொழிவும் நடக்கும். கிறித்தவர் வாழும் ஊர் தன் முஸ்லிம் முன்னோரைக் கொண்டாடும் அரிய காட்சி அது.

காட்சிச்சாலை ஊரைக் காக்குமா?

இவ்வளவும் செய்த பின்னரும் குடித்தொகை குறைந்ததே, அப்படியானால் பயன் என்ன என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. காட்சிச்சாலை மழையைக் கொண்டுவராது. அரித்துச் சென்ற மண்ணைத் திருப்பித் தராது. மூடிய சுரங்கத்தைத் திறக்காது. சிதறிக்கிடக்கும் காட்சியிடங்களால் செலவும் கூடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காவலர், ஒரு பூட்டு, ஒரு கூரை வேண்டும். ஈரத்தையும் கறையானையும் ஒவ்வோரிடத்திலும் தனித்தனியே எதிர்க்க வேண்டும். வறிய நகராண்மைக்கு இது சுமையே.

ஆனால் மற்றொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஊரில் விடுதிகளும் உணவுக் கடைகளும் தோன்றின. பழைய வீடுகள் இடிபடாமல் பழுது பார்க்கப்பட்டன. அகழ்வுக் குழியில் கூடை சுமந்த பிள்ளைகளிற் சிலர் தொல்பொருள் வல்லுநராயினர். ஊரைவிட்டுப் போவதொன்றே வழி என்றிருந்த இடத்தில், இருப்பதற்கும் ஒரு காரணம் பிறந்தது. 2017ஆம் ஆண்டில் போர்ச்சுகல் அரசு, உலக மரபுச் செல்வமாக அறிவிக்கக் கோரும் இடங்களின் முன்னோடிப் பட்டியலில் மெர்ட்டோலாவையும் சேர்த்து யுனெஸ்கோவுக்கு அனுப்பிற்று.

எல்லாவற்றினும் பெரிய பயன் ஒன்று உண்டு. தன் ஊர் வறுமையின் ஊர், வெயிலின் ஊர், ஒன்றுமில்லாத ஊர் என்று கேட்டு வளர்ந்த ஒரு பிள்ளை, இன்று பள்ளி வாசலிலிருந்து தன் வீடு போய்ச் சேர்வதற்குள் ரோமரையும், ஆந்திரேயாசையும், இப்னு காசியையும், கொல்லரையும் கடந்து செல்கிறான். இவர்கள் அனைவரும் தனக்கு முன் இதே தெருவில் நடந்தவர் என்பது அவனுக்குத் தெரியும். வளர்ந்து லிஸ்பனுக்கே போனாலும், தான் எங்கிருந்து வந்தவன் என்று கேட்டால் சொல்ல அவனிடம் விடை இருக்கும்.

பொருளைக் காக்கும் காட்சிச்சாலைகள் உலகிற் பல. பொருளுக்கு உரியவரையும் அதன் அருகே வைத்துக் காக்க முயலும் காட்சிச்சாலைகள் சிலவே. ஆறாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களும், களைத்துப்போன நிலமும் மட்டுமே உடைய ஒரு நகராண்மை அதைச் செய்ய முன்வந்தது. கட்டடம் எழுப்பப் பணமில்லை என்று எந்த ஊரும் தன் பழமையைக் கைவிட வேண்டியதில்லை. கொல்லர் பட்டறையின் கதவைப் பூட்டிவிடாமல் திறந்து வைக்க மனம் இருந்தாலே தொடக்கத்துக்குப் போதும்.